ஒன்பது பெட்டைக்கு எந்தச் சேவல்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம், 9 பெட்டை, 4 சேவல். பெட்டைகளில் 5 சிறுவிடை (சின்ன உடம்பு நாட்டுக்கோழி), 2 வனராஜா, ஒரு கடக்நாத் (கருங்கோழி), ஒரு அசில் (சண்டைக்கோழி இனம்) கலப்பு. சேவல்கள் நாலும் எட்டு மாதம் தாண்டிவிட்டன, நாள் முழுக்கச் சண்டை, பெட்டைகளின் முதுகில் இறகே இல்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் எது? நாலு கிலோ அசில் கலப்பா, பல நிறத்தில் மின்னும் வனராஜாவா, மொட்டைக்கழுத்தா, எல்லாவற்றிலும் சின்னதான செவலையா? "மனசு அசில் பக்கம்தான் போகிறது, கம்பீரமாக இருக்கிறான், விடிகாலையில் முதலில் கூவுவதும் அவன்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்: அடுத்த வருஷம் ஒரு முப்பது குஞ்சாவது எடுக்க வேண்டும், வீட்டுக்கு முட்டையும் வேண்டும், இன்குபேட்டர் வாங்குவதாக இல்லை, கோழியே அடைகாக்க வேண்டும். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். எந்தச் சேவல் நன்றாக இருக்கிறது என்பதைவிட, இந்த ஒன்பது பெட்டைகளிடமிருந்து எந்தச் சேவல் வழியாக உங்களுக்கு வேண்டிய குஞ்சு வரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் இருபது வருஷத்துக்கு மேல் கால்நடை மருத்துவராக இருந்தவன். வீட்டில் கோழி அதற்கு முன்பிருந்தே உண்டு, அப்பத்தா காலத்துப் பஞ்சாரம் இப்போதும் திண்ணையில் கிடக்கிறது. படித்ததும் பார்த்ததும் கலந்துதான் சொல்லப் போகிறேன். எது உறுதி, எது என் அனுமானம் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. பெட்டை முட்டையிடச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஆனாலும் "சேவல் இல்லாவிட்டால் முட்டை குறையுமே" என்று இன்றும் கேட்கிறார்கள். குறையாது. அதேபோல ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை என்பது பொதுக்கணக்கு. உங்களிடம் ஒன்பதுக்கு நாலு. பெட்டைகளின் முதுகு மொட்டையாகாமல் என்ன செய்யும்? ஒருத்தன் இறங்கினால் அடுத்தவன் ஏறுகிறான், அவை தீனி எடுப்பதே பயந்து பயந்துதான். எதை வைக்கலாம் என்று முடிவாகும் வரை இரண்டையாவது இன்றைக்கே தனியாகப் பிரித்து அடையுங்கள். பெட்டைகள் கண்ணில் படாத இடத்தில் சேவல்களை ஒன்றாகப் போட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சண்டை ஓய்ந்துவிடும், அசிலை மட்டும் அப்படி நம்ப முடியாது.

சரி, அசிலிடமே வருகிறேன். நீங்கள் செய்யப் பார்க்கிற அதே காரியத்தை நானும் செய்திருக்கிறேன். அய்யலூர் சந்தையில் ஒரு வியாழக்கிழமை, ஆட்டுக்குத் தடுப்பூசி பற்றிப் பேசப் போன இடத்தில், ஒரு பெரிய கருஞ்சேவலைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தேன். நெஞ்சை நிமிர்த்தி நடப்பான், தெருவே பார்க்கும். என் வீட்டில் அப்போது இருந்தவை எல்லாம் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ சிறுவிடைப் பெட்டைகள். இரண்டு மாதத்தில் இரண்டு பெட்டைக்கு இறக்கைக்குக் கீழே விலாவில் தோல் கிழிந்துவிட்டது. சேவல் ஏறும்போது கால் சறுக்கி, நகமும் காலின் பின்பக்கத்து முள்ளும் இழுக்கிற இடம் அது. இறகு மூடியிருப்பதால் வெளியே தெரியாது, நான் கண்டுபிடித்தபோது ஒன்றுக்குப் புழு வைத்துவிட்டது. மற்ற பெட்டைகள் அவனைப் பார்த்தாலே வேலிக்குள் ஓடி ஒளிந்தன. அடை வைத்த 13 முட்டையில் நாலு பொரித்தது. ஒரு வைத்தியனே தன் வீட்டில் இப்படிச் செய்துவைத்தால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆக, எடை வித்தியாசம் முதல் சல்லடை. சேவல் பெட்டையைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று மடங்கு இருக்கக்கூடாது.

"பெரிய சேவல் போட்டால் குஞ்சு பெரிதாக வரும்" என்று உங்களுக்குச் சொன்னவர் பாதி சரி. பொரிக்கும்போது குஞ்சின் எடையைத் தீர்மானிப்பது முட்டை, அதாவது தாய். முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் குஞ்சு. வளர்ந்த பிறகு தகப்பனின் உடம்பு தெரியும், அது உண்மைதான். ஆனால் கூடவே அசிலின் குறைந்த முட்டையும் மகள்களுக்கு வரும். உங்களுக்கு முட்டையும் வேண்டும் என்றீர்களே.

விடிகாலையில் முதலில் கூவுவதைப் பற்றி. அது வீரத்துக்கோ வீரியத்துக்கோ அடையாளம் என்று நினைக்கிறோம். 2015-ல் ஜப்பானில் செய்து வெளியிட்ட ஒரு ஆய்வில், கூட்டத்தில் எந்தச் சேவல் தலைவனோ அதுதான் முதலில் கூவுகிறது, மற்றவை வரிசைப்படி அடுத்தடுத்துக் கூவுகின்றன என்று கண்டார்கள். தலைவனை அப்புறப்படுத்தினால் இரண்டாவது இருந்தவன் முதலில் கூவ ஆரம்பிக்கிறான். ஆகவே உங்கள் அசில் மற்ற மூன்றையும் அடித்து வைத்திருக்கிறான் என்பதற்கு மேல் அந்தக் கூவலிலிருந்து எதுவும் தெரியாது. அவனை எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள், இன்னொருத்தன் முதலில் கூவுவான். பெட்டைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தாழ்ந்த நிலையில் இருக்கிற சேவல் வலுக்கட்டாயமாக மிதித்துவிட்டால், அதன் விந்தைப் பெட்டை வெளியே தள்ளிவிடுகிறது என்று 2000-லேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் நாலு சேவல் ஒன்றாக இருக்கும்போது ஒன்றின் கருவூட்டும் திறனைப் பற்றி நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது. அடி வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கிற உங்கள் செவலை தனியாக விட்டால் வேறு ஆளாக இருப்பான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சேவல் முட்டையிடாது, அடைகாக்காது, ஆனால் முட்டையிடும் குணத்தில் பாதியைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. அதைச் சேவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதன் தாயைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு இருக்கிற பெரிய வசதி, செவலையின் தாய் யார் என்று தெரியும். செவலை அந்தப் புள்ளிச் சிறுவிடைக்குப் பிறந்தவன் என்றும், அவள் போன தடவை 12 முட்டைக்கு 10 பொரித்து 8 குஞ்சைக் காப்பாற்றிக் கொண்டுவந்தாள் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். பருந்தும் கீரியும் சுற்றுகிற இடத்தில் எட்டு குஞ்சு தேறுவது சாதாரணமில்லை. என்னிடம் கேட்டால் அந்த ஒரு வரிக்கே செவலைக்குப் பாதி மார்க் போட்டுவிடுவேன். ஒன்று மட்டும் இதில் உறுதியில்லை. அடைகாக்கும் குணம் தகப்பன் வழியாகத்தான் மகளுக்கு அதிகம் போகிறது என்று பழைய கோழிக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள், ஆய்வுகளில் அது ஒரே மாதிரி நிரூபணமாகவில்லை. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நம் ஊர்களில் நடப்பது இதற்கு நேர் எதிர். சந்தைக்கு எடுத்துப்போவது நன்றாக வளர்ந்த சேவலை, விருந்தாளி வந்தால் அறுப்பது அதை, கோயிலுக்கு நேர்ந்துவிட்டதும் அதைத்தான். கடைசியில் வாங்க ஆளில்லாமல் மிஞ்சுகிற நோஞ்சான்தான் அடுத்த தலைமுறைக்கு அப்பன். பத்து வருஷம் இப்படிப் போனால் "எங்க வீட்டுக் கோழி ஏனோ சின்னதாகிக்கொண்டே வருது" என்று என்னிடம் டானிக் கேட்பார்கள். டானிக்கில் என்ன இருக்கிறது? அதனால் சின்னதாக இருப்பதாலேயே செவலையை வை என்று நான் சொல்லவில்லை. அவன் சிறுவிடைக்கு ஏற்ற அளவில் வளர்ந்தவனா, தீனி கிடைக்காமல் குன்றியவனா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பதினைந்து நாள் தனியாக விட்டுத் தீனி போட்டால் இது தெரிந்துவிடும்.

குணத்தைப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். போன ஐப்பசியில் மழை விட்டதும் எங்கள் கொல்லையில் ஈசல் கிளம்பியது. என்னிடம் இப்போது இருக்கிற சேவல் ஒரு ஈசலைப் பிடித்தான், விழுங்கவில்லை. கீழே போட்டு, கொக் கொக் கொக் என்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டு, மறுபடி அலகில் எடுத்து, மறுபடி போட்டான். பக்கத்தில் நின்ற பெட்டை கவனிக்கவில்லை. மூன்றாவது தடவை அதைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் காலடியிலேயே போட்டான். அவள் தின்ற பிறகுதான் அடுத்ததைத் தேடினான். அப்பத்தா சொல்வதுண்டு, "பெட்டயக் கூப்புடாத சேவல் கொழம்புக்குத்தான்டா". நீங்களும் ஒரு பிடி கம்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொரு சேவலையும் பெட்டைகளோடு தனியாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கூப்பிடுகிறானா, தானே விழுங்குகிறானா, கூப்பிட்டு வந்த பெட்டையை உடனே பிடித்து ஏறுகிறானா என்று பாருங்கள். ஒரே நாள் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், தீனியே இல்லாமல் பொய்யாகக் கூப்பிடுகிற சேவலும் உண்டு, அதுவும் பெட்டை தூரத்தில் நிற்கும்போது. இதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே "தெரியாதா" என்பார்கள். காவலும் அப்படித்தான். வானத்தில் பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாய், கீரி என்றால் வேறு குரல், பெட்டைகளுக்கு இரண்டும் புரியும். பெட்டைகள் மேயும்போது அடிக்கடி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்கிறவன் எவன் என்று கவனியுங்கள்.

உங்கள் மகளைக் காலில் கொத்தியது வனராஜா என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச எதுவும் இல்லை, அவன் போகட்டும். குனிந்து விளையாடுகிற குழந்தையின் கண் உயரத்துக்குச் சேவலின் முள் எளிதாக வரும். அடித்துத் திருத்தலாம், மடியில் வைத்துப் பழக்கலாம் என்றெல்லாம் சொல்வார்கள், சிலருக்குப் பலித்தும் இருக்கலாம், நான் குழந்தை இருக்கிற வீட்டில் அந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல மாட்டேன். அது தவிர வனராஜா ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கலப்பு. கலப்பின் பலன் முதல் தலைமுறையோடு சரி, அதன் மகன்களை வைத்துக் குஞ்சு எடுத்தால் ஒன்று உயரம், ஒன்று குட்டை என்று தாறுமாறாக வரும். அடைக்கு உட்காருவதிலும் அந்த இனத்தை நம்ப முடியாது.

மொட்டைக்கழுத்தை நிறையப் பேர் அசிங்கம் என்று ஒதுக்குவார்கள், அது தவறு. இறகு குறைந்தால் உடம்புச் சூடு வெளியேறுவது சுலபம். மொட்டைக்கழுத்து மரபணு தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்து ஒற்றையாக உள்ளதற்குச் சுமார் 20 சதவீதம், இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாக உள்ளதற்கு 40 சதவீதம்வரை இறகு குறைவு. உங்கள் சேவலுக்குக் கழுத்தின் முன்பக்கம் ஒரு சின்னக் கொத்து இறகு இருந்தால் ஒற்றை, பாதிக் குஞ்சு மொட்டைக்கழுத்தாக வரும். கழுத்து சுத்தமாக வழித்ததுபோல் இருந்தால் பெரும்பாலும் இரட்டை, எல்லாக் குஞ்சும் அப்படியே வரும். சித்திரை வெயிலில் இது நல்ல சேவல். நீங்கள் அனுப்பிய படத்தில் கொத்து தெரிகிறது. இவன் தாய் யார் என்று நீங்கள் எழுதவில்லை, சந்தையில் குஞ்சாக வாங்கியது என்கிறீர்கள், அதனால்தான் இரண்டாம் இடம்.

கடக்நாத் பெட்டையின் குஞ்சும் கருங்கறியோடு வருமா என்று இடையில் கேட்டிருந்தீர்கள். இது சேவலின் காலைப் பொறுத்தது. தோலில் கருமை பரவாமல் தடுக்கிற ஒரு மரபணு உண்டு, மகள்களுக்கு அது தகப்பனிடமிருந்து மட்டும்தான் வரும். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கால் உள்ள சேவல் அந்தத் தடுப்பைச் சுமக்கிறது, அதைப் போட்டால் கடக்நாத்தின் குஞ்சுகள் வெளுத்துப்போகும், அங்கங்கே திட்டுத் திட்டாகக் கருமை இருக்கலாம். சாம்பல் அல்லது கருங்கால் சேவல் என்றால் கறுப்பு நன்றாகவே வரும். செவலைக்குக் கால் சாம்பல் நிறமாகப் படத்தில் தெரிகிறது, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

செவலை என்று முடிவு செய்வதற்கு முன் உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ராத்திரி அடைந்த பிறகு டார்ச்சோடு போனால் எந்தச் சேவலும் சத்தமில்லாமல் கைக்கு வரும். நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள், கத்திமாதிரி துருத்தினால் மெலிவு, வளைந்திருந்தால் வேண்டாம். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், கறுப்பாகப் பொருக்கு கட்டி வீங்கியிருந்தால் சேவலால் சரியாக ஏற முடியாது. கால் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பியதுபோல் இருந்தால் சொறிப்பூச்சி, அதற்கு வைத்தியம் உண்டு, அதற்காகச் சேவலைக் கழிக்க வேண்டியதில்லை. ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிச் செள்ளு இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக அவன் முதுகில் காதை வைத்துக் கேளுங்கள், கர்கர் என்று இழுப்புக் கேட்டால் அவனைக் குஞ்சு எடுக்கிற சேவலாக எண்ணவே வேண்டாம். மேலலகும் கீழலகும் நேராகப் பொருந்த வேண்டும், இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கருவூட்டுகிறானா என்பதை முட்டைதான் சொல்லும். ஆம்லெட்டுக்கு உடைக்கும் முட்டையின் மஞ்சள் கருவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். கரு பிடிக்காததில் அது ஒழுங்கில்லாத சின்னப் புள்ளி, பிடித்ததில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, ஓரத்தில் வளையம் வைத்த வட்டம். நாலைந்து முட்டை உடைத்துப் பார்த்தால் கண் பழகிவிடும். ஆனால் இதைச் செவலைக்குச் செய்வதற்கு முன் மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பெட்டையின் உடலுக்குள் விந்து பல நாள் தங்கும், சேவலை எடுத்துவிட்டாலும் பத்துப் பதினாலு நாள், சில பெட்டையில் மூன்று வாரம்வரை கரு பிடித்த முட்டை வரும். மற்ற சேவல்கள் போன அன்றையிலிருந்து 21 நாள் முட்டைகளைச் சாப்பிட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு சேர்ப்பதுதான் செவலையின் முட்டை.

கூமுட்டை வந்தால் உடனே சேவலைத் திட்டாதீர்கள். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வைத்துப் பாருங்கள், ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால்தான் சேவல்மேல் சந்தேகம். ரத்த வளையம் தெரிந்தால் கரு பிடித்துப் பிறகு செத்திருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் முட்டையை வெயில் காலத்தில் பத்து நாள் அலமாரியில் வைத்ததுதான் காரணம். கோடையில் நாலு நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். கத்திரி வெயிலில் நல்ல சேவலுக்கே விந்து கெடும், மே மாதத்தை வைத்து எந்தச் சேவலையும் மதிப்பிடாதீர்கள்.

செவலையில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அவன் தாய் அதே கொல்லையில் இருக்கிறாள், மற்ற சிறுவிடைகளில் இரண்டு அவன் கூடப்பிறந்தவை என்கிறீர்கள். தாய்க்கும் மகனுக்கும், அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறக்கிற குஞ்சில் உள்கலப்பு 25 சதவீதம். ஒரு தலைமுறையில் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, அடுத்தடுத்துப் போனால் பொரிப்பும் குஞ்சு பிழைப்பும் குறையும். முடிந்தவரை அந்த மூன்று பேரின் முட்டையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, மற்ற ஆறின் முட்டையை அடைக்கு வையுங்கள், புள்ளிக்காரியை அடைக்கு மட்டும் உட்கார வைத்தால் போதும், அவள் யார் முட்டையையும் காப்பாள். ஒரு வருஷம் ஆனதும் செவலையைப் பக்கத்து ஊரில் இதேபோல் நல்ல தாய்க்கோழி வைத்திருக்கிறவரிடம் கொடுத்து, அவர் வீட்டுச் சேவலை வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கைமாறவே தேவையில்லை. வருகிற சேவலை மூன்று வாரம் தனியாக அடைத்துக் கவனித்த பிறகு விடுங்கள், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) உள்ளே வந்தால் சேவல் தேர்வெல்லாம் வீண். கால்நடைத்துறை வருஷாவருஷம், பெரும்பாலும் பிப்ரவரியில், இலவசமாகப் போடுகிற தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள்.

மொட்டைக்கழுத்தை உடனே விற்க வேண்டாம், தங்கை வீடு பக்கத்தில் இருக்கிறது என்றீர்களே, ஆறு மாதம் அங்கே இருக்கட்டும். செவலையை நாய் தூக்கினால் கையில் ஒருத்தன் வேண்டும். வனராஜா கறிக்கு. அசிலைக் கேட்டு வருகிறவர்கள் கறிக்காக வர மாட்டார்கள், நாலு கிலோ சேவலின் காலை முதலில் பிடித்து முள்ளைப் பார்க்கிற ஆள் எதற்கு வந்திருக்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. சேவலைச் சண்டைக்கு விடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், நீங்கள் அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் பெரிய பெட்டைகளாக, அசில் அல்லது பெருவிடை வளர்க்கிறவர் யாராவது இருந்தால் அவரிடம் கொடுங்கள், அந்தப் பெட்டைகளுக்கு அவன் பொருத்தமான சேவல்.